எல்லைகளைக் கடந்த தலைவர் துன் சம்பந்தன்

மலேசிய இந்தியர்களின் வரலாற்றில் துன் வீ.தி.சம்பந்தனுக்குத் தனி இடம் உண்டு. 1955ஆம் ஆண்டு முதல் 1973ஆம் ஆண்டு வரை அவர் மலேசிய இந்தியர் காங்கிரசின் தேசியத் தலைவராக விளங்கினார். தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கம் கண்டவர் என்றே பலரும் அவரை அறிவர். ஆயினும், அவருடைய வாழ்க்கையை நம் நாட்டின் தேர்தல் தொகுதி வரைபடத்தோடு சேர்த்துப் படிக்கும்போது மற்றோர் உண்மையும் புலப்படும். எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மை பெற இயலாத ஒரு சமூகம், மக்களாட்சியில் தன் குரலை எவ்வாறு கேட்கச் செய்வது என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்ட கேள்வியாகும்.

சம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் பிறந்தார். அவருடைய தந்தையார் வீராசாமி தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, உழைப்பால் உயர்ந்து, ரப்பர் தோட்ட உரிமையாளர் ஆனவர். சம்பந்தன் கோலகங்சாரில் உள்ள கிளிஃபர்ட் பள்ளியில் பயின்றார். பின்னர்த் தமிழகம் சென்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பை மேற்கொண்டார். இந்திய விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. காந்தியடிகளின் கொள்கைகள் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. தோட்ட உரிமையாளரின் மகனாகப் பிறந்தும், தோட்டத் தொழிலாளரின் துயரத்தைத் தம் துயரமாகக் கருதும் மனப்பாங்கு அவரிடம் வளர்ந்தது.

அவர் பிறந்த ஊர் மலாயா வரலாற்றில் நீங்கா இடம் பெற்ற ஊராகும். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அன்று சம்பந்தனுக்கு 29 வயது நிறைந்தது. அச்சம் சூழ்ந்த அந்த ஆண்டுகளில் தோட்ட மக்களுக்குக் கல்வியும் ஒற்றுமையுமே துணை என்று அவர் நம்பினார். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்னும் தமிழ்ப்பள்ளி உருவாக அவர் முன்னின்று உழைத்தார். அப்பள்ளியை 1954ஆம் ஆண்டு விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார்.

மறு ஆண்டு மலாயா தன் முதல் கூட்டரசுப் பொதுத்தேர்தலைச் சந்தித்தது. 1955ஆம் ஆண்டு மே மாதத்தில் சம்பந்தன் ம.இ.கா.வின் ஐந்தாவது தேசியத் தலைவரானார். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. அவர் முன் இருந்த கணக்கு மிகக் கடினமானது. நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர். ஆனால், பதிவு பெற்ற சுமார் 12 இலட்சத்து 80 ஆயிரம் வாக்காளர்களில் அவர்கள் 5 விழுக்காட்டினரைக்கூட எட்டவில்லை. வாக்காளர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள். 11 பேர் சீனர்கள். மலாயாவிலேயே பல்லாண்டுகள் உழைத்த இந்தியர்களுள் பலருக்கு அப்போது குடியுரிமை இல்லை. குடியுரிமை இல்லாதவரின் பெயர் வாக்காளர் பட்டியலில் இடம்பெறாது.

வாக்குரிமை பெற்றிருந்த இந்தியர்களும் ஓரிடத்தில் கூடி வாழவில்லை. ரப்பர், தேயிலைத் தோட்டங்களிலும் இரயில்வே குடியிருப்புகளிலும் துறைமுகங்களிலும் அவர்கள் சிதறிக் கிடந்தனர். 52 இடங்களுக்கு நடைபெற்ற அத்தேர்தலில் இந்தியர்கள் பெரும்பான்மையாக இருந்த தொகுதி ஒன்றுகூட இல்லை.

இதன் பொருளை ஓர் எளிய கற்பனைக் கணக்கால் உணரலாம். தலா 100 வாக்காளர்களைக் கொண்ட மூன்று தொகுதிகள் உள்ளன எனக் கொள்வோம். அவற்றில் மொத்தம் 60 தோட்டத் தொழிலாளர்கள் வாக்களிக்கின்றனர். எல்லைக்கோடுகள் அவர்களைச் சரிசமமாகப் பிரித்தால் ஒவ்வொரு தொகுதியிலும் 20 பேர் இருப்பர். எந்தத் தொகுதியிலும் அவர்களால் மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதே 60 பேரும் ஒரே தொகுதிக்குள் அடங்கினால், அங்கே அவர்களுடைய ஆதரவு இல்லாமல் எவரும் வெல்ல முடியாது. ஆனால், மற்ற இரு தொகுதிகளின் வேட்பாளர்களுக்கு அவர்களுடைய குறைகளைக் கேட்க வேண்டிய தேவையே இராது. வாக்காளர் எண்ணிக்கை மாறவில்லை. எவரும் தம் கருத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. கோடு மட்டுமே இடம் மாறியது. அதனால் முடிவும் மாறியது.

ஆட்சியாளர்கள் இந்தக் கோட்டைத் தமக்குச் சாதகமாக வளைத்த கதைகள் உலகெங்கும் உண்டு. 1812ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் எல்பிரிட்ஜ் கெர்ரி என்னும் ஆளுநர், தம் கட்சிக்கு நன்மை தரும் வகையில் வரையப்பட்ட தொகுதிகளுக்கு ஒப்புதல் அளித்தார். அவற்றுள் ஒரு தொகுதியின் வடிவம் சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரினத்தை ஒத்திருந்தது. செய்தித்தாள் ஒன்று அவருடைய பெயரையும் அந்த உயிரினத்தின் பெயரையும் இணைத்து அதற்குக் கேலிப்பெயர் சூட்டியது. முறைகேடாக எல்லை வகுப்பதைக் குறிக்க அந்தப் பெயரே இன்றும் ஆங்கிலத்தில் வழங்குகிறது.

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நிகழ்ந்தது இன்னும் கொடியது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர்களின் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றனர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் அம்மக்களில் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுடைய கட்சியின் சார்பில் ஒருவரும் நாடாளுமன்றம் செல்ல இயலவில்லை. மலைகளில் தொகுதிகள் இருந்தன. அங்கே உழைத்த மக்களுக்கு வாக்கு இல்லை.

இத்தகைய நிலை மலாயாவில் ஏற்படக்கூடாது என்றால் இரண்டு பணிகள் தேவைப்பட்டன. முதலாவது, பிற இனத்தாரோடு இணைந்து வாக்குக் கேட்பது. சம்பந்தன் கூட்டணியின் வேட்பாளராகக் கிந்தா உத்தாரா தொகுதியில் நின்றார். இந்தியர் வாக்குகளை மட்டும் நம்பி அங்கே வெல்ல முடியாது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரிடமும் அவர் வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. அவர் வெற்றி பெற்றார். மொத்தம் 52 இடங்களில் கூட்டணி 51 இடங்களைக் கைப்பற்றியது. அவற்றுள் இரண்டு ம.இ.கா.வுக்குக் கிடைத்தன. சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார்.

இரண்டாவது பணி குடியுரிமை. 1957ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த மெர்டேக்கா அரசியலமைப்புச் சட்டம், மலாயாவில் பிறந்து நிலையாக வாழ்ந்தவர்கள் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வழிவகுத்தது. அவர்கள் முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழித் தேர்விலிருந்து விலக்கும் உண்டு. அந்த ஓராண்டு தோட்ட மக்களுக்குப் பொன்னான காலம். படிவத்தை நிரப்பத் தெரியாதவர்களும், பிறப்புச் சான்று இல்லாதவர்களும், ஒரு நாள் கூலியை இழக்க அஞ்சியவர்களும் தோட்டங்களில் நிறைந்திருந்தனர். ம.இ.கா. கிளைகள் அவர்களுக்கு உதவ முற்பட்டன. 1959ஆம் ஆண்டுத் தேர்தலின்போது நாட்டின் வாக்காளர் எண்ணிக்கை 21 இலட்சத்தைத் தாண்டியது. இந்திய வாக்காளர்களின் பங்கும் ஏறத்தாழ 7 விழுக்காடாக உயர்ந்தது.

அந்தத் தேர்தலுக்காக, முன்பிருந்த 52 இடங்களுக்கு இரு மடங்காக 104 நாடாளுமன்றத் தொகுதிகள் அமைக்கப்பட்டன. சம்பந்தன் தம் சொந்த ஊரின் பெயரைத் தாங்கிய சுங்கை சிப்புட் தொகுதியில் வென்றார். 1974ஆம் ஆண்டு வரை அவரே அத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

இக்காலத்தில் தொகுதி எல்லைகளைப் பற்றிய விதிகளும் மாறின. மெர்டேக்கா அரசியலமைப்புச் சட்டம், ஒரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று வரம்பு வைத்திருந்தது. 1960ஆம் ஆண்டு தேர்தல் ஆணையம் அந்த வரம்புக்கு ஏற்ப 100 தொகுதிகளை வகுத்தது. ஆனால், 1962ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வரைவை நீக்கிவிட்டுப் பழைய 104 தொகுதிகளையே நிலைநிறுத்தியது. நகரத் தொகுதி ஒன்றின் வாக்காளர் எண்ணிக்கையில் பாதியளவு இருந்தாலும் புறநகர், கிராமப்பகுதி ஒன்று தனித் தொகுதியாகலாம் என்ற விதியும் புகுத்தப்பட்டது. 1973ஆம் ஆண்டில் அந்தப் பாதி என்ற வரம்பும் நீங்கியது. 1962ஆம் ஆண்டுத் திருத்தம் நிறைவேறியபோது சம்பந்தன் அமைச்சரவையில் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தார்.

கிராமப்பகுதிகளுக்குக் கூடுதல் மதிப்பளிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பகாங்கில் உள்ள கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் ஆய்வு செய்த மலைப்பகுதி இது. 1929ஆம் ஆண்டு ஜே.ஏ.ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டனர். சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்து பறித்தனர். இம்மலை பகாங் மாநிலத்துக்குள் இருந்தாலும், மலையடிவாரத்துக்குச் செல்லும் சாலை நெடுங்காலம் பேராக்கில் உள்ள தாப்பாவுக்கே இறங்கியது. தோட்ட மக்கள் சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் பேராக் பக்கமே சென்றனர். வாக்கு மட்டும் பகாங்கின் சமவெளிப் பகுதிகளோடு சேர்த்து எண்ணப்பட்டது. ஏனெனில், நாடாளுமன்றத் தொகுதி எதுவும் மாநில எல்லையைத் தாண்டக்கூடாது.

இத்தகைய இடங்களில் வேட்பாளர் வாக்காளரைச் சென்று காண்பது கடினம். வாக்காளர் தம் உறுப்பினரைத் தேடிச் செல்வது அதைவிடக் கடினம். ஆகவே, தொலைதூரப் பகுதிகளின் தொகுதிகள் சிறியனவாக இருக்கலாம் என்பது ஒரு வாதம். ஒருவரின் வாக்குக்கு மற்றொருவரின் வாக்கைவிடப் பன்மடங்கு மதிப்பு இருந்தால், அனைவரும் சமம் என்ற மக்களாட்சியின் அடிப்படை தளரும் என்பது எதிர்வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு. எவ்வளவு வேறுபாடு நியாயமானது என்பதற்கு ஒரு வரம்பு வேண்டுமா என்பதே இன்றுவரை தொடரும் கேள்வி.

சம்பந்தன் காலத்தில் தோட்ட மக்களுக்கு இதைவிட உடனடியான ஆபத்து ஒன்று எழுந்தது. 1950களின் பிற்பகுதியில் வெளிநாட்டு உரிமையாளர்கள் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. தோட்டம் துண்டானதும் தொழிலாளர் வேலையை இழந்தனர். லயத்து வீடு தோட்ட நிருவாகத்துக்குச் சொந்தமானது என்பதால் வேலையோடு வீடும் போனது. பிள்ளைகளின் பள்ளியும் கோயிலும் கைவிட்டுப் போயின. பிழைப்புத் தேடிப் பலர் நகரங்களின் ஓரங்களில் குடியேறினர். கிராமத் தொகுதியில் இருந்தபோது அவர்கள் சிதறிய சிறுபான்மையினர். வாக்காளர் மிகுந்த நகரத் தொகுதிக்குப் பெயர்ந்தபோது, அவர்களுடைய ஒவ்வொரு வாக்கின் எடையும் குறைந்தது.

சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்றார். தொழிலாளர்கள் தாங்களே தோட்டங்களை வாங்கினால் அவர்களை வெளியேற்ற ஒருவராலும் முடியாது என்று எடுத்துரைத்தார். 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்குதாரர் ஆயினர். அன்றாடக் கூலியில் வாழ்ந்தவர்களுக்குப் பத்து வெள்ளி சிறிய தொகை அன்று. கூலிக்காரர்கள் தோட்டம் வாங்குவதா என்று எள்ளி நகையாடியவர்களும் இருந்தனர். ஆனால், மறு ஆண்டே சங்கம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. அதன் பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள் தொழிலாளரின் உடைமையாயின.

இத்திட்டத்தின் சிறப்பை அரசியல் கணக்கோடு ஒப்பிட்டால் தெளிவாக அறியலாம். கெடாவில் உள்ள தொழிலாளியின் வாக்கும் ஜொகூரில் உள்ள தொழிலாளியின் வாக்கும் ஒரே பெட்டியில் சேர வழியில்லை. தொகுதி எல்லைகள் அவற்றைப் பிரித்தே வைத்தன. அவர்கள் தந்த பத்து வெள்ளிக்கு அந்த எல்லை இல்லை. சிதறிக் கிடந்த மக்களின் சிறு சேமிப்பு ஓரிடத்தில் குவிந்து நிலமாக மாறியது. வாக்குப் பெட்டியில் ஒன்றுசேர இயலாதவர்கள் கூட்டுறவில் ஒன்றுசேர்ந்தனர்.

1967ஆம் ஆண்டு சம்பந்தனுக்குத் துன் விருது வழங்கப்பட்டது. 1969ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் நிகழ்ந்த இனக்கலவரம் நாட்டை உலுக்கியது. அதன்பின் 1972ஆம் ஆண்டில் அவர் தேசிய ஒற்றுமை அமைச்சராகப் பொறுப்பேற்றார். மூவினத்தாரின் வாக்குகளையும் பெற்று வென்றவருக்கு அது பொருத்தமான பொறுப்பாகும். 1973ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் கட்சித் தலைமையிலிருந்து விலகினார். 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் இயற்கை எய்தினார். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தின் முதன்மைச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் கண்ட கூட்டுறவுச் சங்கமும் தொடர்ந்து இயங்கி வருகிறது.

அவர் மறைந்து கால் நூற்றாண்டு ஆகும் நேரத்தில், கேமரன் மலையின் தேர்தல் வரைபடம் மாறியது. 2003ஆம் ஆண்டு எல்லை மறுசீரமைப்பில் அது தனி நாடாளுமன்றத் தொகுதியானது. 2004ஆம் ஆண்டு நடந்த முதல் தேர்தலில் ம.இ.கா. வேட்பாளர் அங்கே வென்றார். அத்தொகுதியில் எந்த இனத்தாருக்கும் பெரும்பான்மை இல்லை. 2019ஆம் ஆண்டு இடைத்தேர்தலின்போது சுமார் 32,000 வாக்காளர்களில் மலாய்க்காரர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். சீனர்கள் சற்றுக் குறைவு. பூர்வகுடியினரான ஓராங் அஸ்லி மக்கள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். இந்தியர்கள் நூற்றுக்கு 15 பேர். அந்த இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி என்ற பெருமையைப் பெற்றார். பரந்த தொகுதிகளில் கேட்காமல் போயிருக்கக்கூடிய ஒரு குரல், சிறிய தொகுதி ஒன்றில் எழ முடிந்தது.

அதே வேளை, 2022ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் கேமரன் மலையின் வாக்காளர் எண்ணிக்கை 46,000 அளவில் இருந்தது. சிலாங்கூரில் உள்ள பாங்கி தொகுதியிலோ 3 இலட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்கள் இருந்தனர். இரண்டும் மக்களவைக்கு ஒவ்வோர் உறுப்பினரையே அனுப்புகின்றன. கேமரன் மலையில் ஒருவரின் வாக்கு, பாங்கியில் ஆறு பேரின் வாக்குக்கும் மேலான எடை கொண்டதாகிறது. தோட்டங்களை விட்டு நகருக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இத்தகைய பெரிய நகரத் தொகுதிகளில்தான் இன்று வாழ்கின்றனர். அவர்கள் விட்டுச்சென்ற தேயிலைச் சரிவுகளில் கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை.

தொகுதி எல்லைகள் இயற்கை வகுத்த ஆறுகளோ மலைகளோ அல்ல. குறைந்தது எட்டு ஆண்டு இடைவெளியில் தேர்தல் ஆணையம் அவற்றை மறுஆய்வு செய்கிறது. புதிய வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. பாதிக்கப்படும் தொகுதியைச் சேர்ந்த 100 வாக்காளர்கள் ஒன்றுசேர்ந்தால் அதற்கு ஆட்சேபம் தெரிவிக்கலாம்; ஆணையம் விசாரணை நடத்தியாக வேண்டும். இறுதியில் மக்களவை அந்த வரைவுக்கு ஒப்புதல் அளிக்க வேண்டும்.

இன்று 18 வயது நிறைந்த மலேசியர் ஒவ்வொருவரும் தாமாகவே வாக்காளராகப் பதியப்படுகின்றனர். ஒரு காலத்தில் ஒரு நாள் கூலியை இழந்து படிவம் நிரப்பக் காத்துநின்ற தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்களுக்கு இவ்வுரிமை வீடு தேடி வருகிறது. நூறு பேர் சேர்ந்தால் ஒரு கோட்டைக் கேள்வி கேட்கலாம் என்பது சட்டம். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து ஒரு தோட்டத்தையே வாங்கலாம் என்று செய்து காட்டியது துன் சம்பந்தனின் வாழ்க்கை.